கார் என்ஜின் பழுதுக் குறியீடுகளின் வரலாறு

பழுதுக் குறியீடு என்பது, காரின் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி தான் கண்ட ஒரு குறையைத் தன் நினைவகத்தில் பதிந்துவைக்கும் சுருக்க எண். குறை உறுதியானதும் ஓட்டுநரின் முன்னுள்ள டாஷ்போர்டில் என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியும். பணிமனைகளில் இதை 'செக் என்ஜின் லைட்' என்பர். குறையைக் கண்டறிந்து, குறியீட்டைப் பதிந்து, விளக்கை எரியவைத்து, வெளிக்கருவி கேட்கும்போது தகவலைத் தரும் முழு ஏற்பாடும் 'ஓபிடி' எனப்படுகிறது. வாகனத்திற்குள்ளேயே அமைந்த பழுதறி முறை என்பது இதன் பொருள்.

இம்முறையின் இன்றைய வடிவம் மெக்கானிக்குகளின் வசதிக்காகத் திட்டமிடப்பட்டதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காற்று மாசைக் குறைக்க வகுக்கப்பட்ட விதிகளிலிருந்து அது உருவானது. அந்தத் தோற்றத்தை அறிந்தால்தான் ஒரு குறியீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பது விளங்கும்.

## பின்னணி: லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டம்

1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண் எரிச்சலூட்டும் அடர்ந்த புகை மூடியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால், ஜப்பானியர் விஷவாயுத் தாக்குதல் நடத்திவிட்டதாக மக்கள் அஞ்சினர். பின்னர் பழி நகரின் அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரித்த ஆலையின்மேல் விழுந்தது. ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. புகைமூட்டம் மட்டும் நீங்கவில்லை.

உண்மைக் காரணத்தை 1950களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் உயிர்வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்த இவர் அதற்குமுன் அன்னாசிப்பழத்தின் மணத்திற்குக் காரணமான வேதிப்பொருட்களை ஆராய்ந்துவந்தார். எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்று அவர் காட்டினார். அவ்விரு பொருட்களின் பெரும் ஊற்றாக இருந்தவை நகரின் கார்கள். கார் நிறுவனங்கள் தொடக்கத்தில் இம்முடிவை ஏற்கவில்லை.

1966இல் கலிபோர்னியா, கார்களின் புகைக்கு அமெரிக்காவிலேயே முதல் வரம்பை விதித்தது. 1967இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைக்கப்பட்டது. ஹாகன்-ஸ்மிட் அதன் முதல் தலைவரானார். 1970இல் நிறைவேறிய கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டம், புதிய கார்களின் முக்கிய மாசுகளைச் சில ஆண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. கார்புரேட்டரின் திருகைச் சரிசெய்து எட்டக்கூடிய இலக்கு அன்று அது.

## கணினியின் வருகை

1975 மாடல் ஆண்டு முதல் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எனப்படும் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. புகைக்குழாயில் அமையும் இக்கருவி நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இதைப் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது.

அடுத்து வந்தது மூவழி வினையூக்கி மாற்றி. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே கருவி குறைத்தது. ஆனால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிசகாமல் இருந்தால்தான் அது மூன்றையும் சேர்த்துக் கவனிக்கும். இவ்விகிதத்தைக் காக்க, புகைக்குழாயில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை பாஷ் நிறுவனம் உருவாக்கியது. 1976இல் வோல்வோ நிறுவனம் இதைத் தன் கார்களில் அறிமுகப்படுத்தியது. சென்சார் தரும் மின்னழுத்தத்தைக் கணினி நொடிக்கு நொடி படித்து, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

இதனுடன் ஒரு புதிய சிக்கலும் வந்தது. கார்புரேட்டர் கெட்டால் என்ஜின் இருமும், திணறும், நின்றுபோகும். ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். ஆக்சிஜன் சென்சார் கெட்டால் கணினி ஓர் ஈடான மதிப்பை வைத்துக்கொண்டு என்ஜினைத் தொடர்ந்து ஓட்டும். கார் வழக்கம்போல ஓடும். புகையில் மாசு மட்டும் பல மடங்கு கூடியிருக்கும். இக்குறையை ஓட்டுநரின் காதும் மூக்கும் அறியா. அதைக் கணினிதான் சொல்லவேண்டியிருந்தது.

## விளக்கின் சிமிட்டல்

வாகனத்தில் பழுதறி இணைப்பை வைக்கும் எண்ணம் இதற்கும் முந்தியது. ஃபோக்ஸ்வேகன் 1971 முதலே, விற்பனையாளர் பணிமனையிலுள்ள சோதனைக் கருவியை இணைப்பதற்கான செருகியைத் தன் கார்களில் வைத்தது. ஆனால் காரில் இருக்கும் கணினியே தன் குறையை எண்ணாகச் சொல்லும் முறை 1980களின் தொடக்கத்தில்தான் பரவியது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1981 மாடல் ஆண்டில் தன் பெரும்பாலான அமெரிக்கக் கார்களுக்குக் கணினிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. டாஷ்போர்டின் அடியில் 12 துளைகள் கொண்ட செருகி ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் கார் உருவாகும்போதே சோதிப்பதற்காக வைக்கப்பட்டது அது. அதன் இரு துளைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், செக் என்ஜின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. என்ஜின் சுழலவில்லை என்பது 12இன் பொருள். என்ஜின் ஓடாதபோது அது வரவேண்டிய எண்தான்; பழுதறி முறை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. 12 மூன்று முறை வந்தபின் பதிவான குறியீடுகள் ஒவ்வொன்றும் மும்மூன்று முறை வரும். 13 வந்தால் ஆக்சிஜன் சென்சாரின் சுற்றைப் பார்க்கவேண்டும்.

பிற நிறுவனங்கள் வேறு வழிகளைக் கையாண்டன. ஃபோர்டு கார்களில் சோதனைச் செருகியில் முள் வோல்ட்மீட்டரை இணைத்து, முள் எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணலாம். கிரைஸ்லர் கார்களில் சாவியைச் சில நொடிகளுக்குள் திரும்பத் திரும்பப் போட்டு அணைத்தால் விளக்கு சிமிட்டும். 55 வந்தால் பட்டியல் முடிந்தது என்று பொருள். ஹோண்டா கார்கள் சிலவற்றில் சிமிட்டும் சிறு விளக்கு கணினிப் பெட்டியின் மேலேயே இருந்தது. அதைப் பார்க்கத் தரைவிரிப்பை விலக்கவேண்டும்.

எண்களின் பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. ஃபோர்டில் 11 என்றால் எல்லாம் சரி. கிரைஸ்லரில் அதே 11, என்ஜின் சுழலும் குறிப்பு கணினிக்கு வரவில்லை என்பதைக் காட்டும் பழுது. எல்லா வண்டிகளையும் பார்க்கும் ஒரு சிறு பணிமனைக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் கையேடும், பல நேரங்களில் தனித்தனிக் கருவியும் தேவைப்பட்டன.

## முதல் விதிகள்

1985இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் முதல் ஓபிடி விதிகளை ஏற்றது. 1988 மாடல் ஆண்டு முதல் அம்மாநிலத்தில் விற்கும் கார்கள் எரிபொருள் அமைப்பு, புகை மறுசுழற்சி அமைப்பு, மாசுடன் தொடர்புடைய சென்சார்கள், கணினி ஆகியவற்றைக் கண்காணிக்கவேண்டும். குறை கண்டால் விளக்கை எரியவைத்துக் குறியீட்டைப் பதியவேண்டும். பின்னாளில் இது முதல் தலைமுறை ஓபிடி எனப்பட்டது.

இவ்விதிகளில் இரு குறைகள் இருந்தன. செருகியும் குறியீடுகளும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டன. மேலும், கம்பி அறுந்ததா, சென்சார் செத்ததா என்பது போன்ற முழுப் பழுதுகளையே இம்முறை பெரும்பாலும் கண்டது. வினையூக்கி மாற்றி தேய்ந்து பயனற்றுப்போனால் கணினிக்குத் தெரியாது. ஒரு சிலிண்டரில் தீப்பற்றாமல் பெட்ரோல் அப்படியே வெளியேறினாலும் தெரியாது. பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவி கசிந்தாலும் தெரியாது. மாசைப் பெருக்குபவை இவையே.

## இரண்டாம் தலைமுறை

1988இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் பொதுவான செருகியையும் சோதனைக் குறிப்புகளையும் பரிந்துரைத்தது. 1989இல் கலிபோர்னியா வாரியம் இரண்டாம் தலைமுறை விதிகளை ஏற்றது. 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. 1994 மாடல் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது.

புதிய விதிகள் வினையூக்கி மாற்றிக்குப் பின்னால் இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டுவந்தன. முன் சென்சாரின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மாற்றி நன்றாக இருந்தால் பின் சென்சாரின் அளவு ஏறக்குறைய நிலையாக நிற்கும். இரண்டும் ஒன்றுபோல ஆடத் தொடங்கினால் மாற்றி தேய்ந்துவிட்டது என்று கணினி கொள்ளும். கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றத்தைக் கொண்டு எந்தச் சிலிண்டரில் தீப்பற்றவில்லை என்று அறியும் முறையும் வந்தது. மாசு, அந்தக் காருக்குரிய வரம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டும் அளவுக்குக் குறை முற்றினால் விளக்கு எரியவேண்டும் என்பது பொது அளவுகோலாயிற்று.

செருகி ஒன்றானது. சரிவக வடிவில் 16 துளைகள் கொண்ட அது ஓட்டுநர் இருக்கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். தரவு பேசும் மொழி மட்டும் உடனே ஒன்றாகவில்லை. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகியவை வேறுவேறு முறைகளைப் பயன்படுத்தின. பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'கேன்' என்னும் தொடர்பு முறை 2008 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் கட்டாயமானபோதே மொழியும் ஒன்றானது.

## குறியீட்டின் அமைப்பு

பொதுக் குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. எழுத்து, வண்டியின் எந்தப் பகுதி என்பதைக் காட்டும். என்ஜினும் கியர் அமைப்பும் சேர்ந்த 'பவர்டிரெய்ன்' பகுதிக்கு அச்சொல்லின் முதலெழுத்தான 'பி' வழங்குகிறது. உடற்பகுதி, அடிச்சட்டம், தரவு வலை ஆகியவற்றுக்கு வேறு எழுத்துகள் உண்டு.

எழுத்தை அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் நிறுவனம் தனக்கென வகுத்தது. அதற்கடுத்த இலக்கம் துணை அமைப்பைச் சொல்லும். 1, 2 ஆகியவை எரிபொருளும் காற்றும். 3 தீப்பொறியும் மிஸ்ஃபயரும். 4 மாசுக் கட்டுப்பாட்டுத் துணைக்கருவிகள். 7 கியர் அமைப்பு. கடைசி இரண்டும் குறிப்பிட்ட குறையின் எண்கள்.

பல குறைகளுக்கு, அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் குறை தென்பட்டால்தான் விளக்கு எரியும். ஒருமுறை மட்டும் கண்டது காத்திருப்புக் குறியீடாக நிற்கும். மூன்று ஓட்டங்களில் குறை மீண்டும் தென்படாவிட்டால் விளக்கு தானே அணையும். விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால், அக்கணமே வினையூக்கி மாற்றியைச் சுட்டுப் பாழாக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து விரைவில் வண்டியை நிறுத்தவேண்டும். குறை பதிவான நேரத்தில் என்ஜினின் வேகம், வெப்பம், சுமை முதலியவை என்னவாக இருந்தன என்பதும் குறியீட்டுடன் உறைநிலைப் பதிவாகச் சேமிக்கப்படும்.

## குறியீடு சொல்வதும் சொல்லாததும்

ஒரு குறியீடு, ஓர் அளவு எல்லை மீறியதைச் சொல்கிறது. எந்த உதிரிப்பாகம் கெட்டது என்பதைச் சொல்வதில்லை. மாசைக் கண்காணிக்க இவ்வளவே போதும். பழுது நீக்கப் போதாது. குறியீட்டில் பெயர் வந்த பாகத்தை உடனே வாங்கி மாற்றுவதால் பணம் வீணாவதும், விளக்கு மறுவாரமே எரிவதும் இதனால்தான். புகை தெரிந்த இடத்திலிருந்த ஆலையை மூடிய 1943ஆம் ஆண்டின் தவறும் இவ்வகையானதே.

பி0171 ஓர் எடுத்துக்காட்டு. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது இதன் பொருள். இதைக் கண்டு சொல்வது ஆக்சிஜன் சென்சார் என்பதால் அதையே மாற்றிவிடுவதுண்டு. உண்மையில் செய்தி சொன்னவர் அவர். குற்றவாளி வேறிடத்தில் இருக்கலாம். வெடித்த வேக்குவம் குழாய், அழுக்கேறிய காற்றளவு சென்சார், வலுவிழந்த பெட்ரோல் பம்ப், அடைபட்ட ஃபில்டர், சென்சாருக்கு முன்பே ஓட்டை விழுந்த புகைக்குழாய் ஆகிய எதுவும் காரணமாகலாம்.

இவற்றைப் பிரித்தறியக் கணினி காட்டும் எரிபொருள் திருத்த அளவு உதவுகிறது. வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடவேண்டியுள்ளது என்பதே அந்த அளவு. ஐடிலிங்கில் மிக உயர்ந்திருந்து, என்ஜினை 2500 சுற்றுக்கு ஏற்றும்போது இயல்புக்குத் திரும்பினால், காற்று எங்கோ கசிந்து உள்ளே வருகிறது என்று கொள்ளலாம். ஐடிலிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்று குறைவாதலால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகத்தில் அது கரைந்துவிடும். மாறாக, சுமை கூடக்கூடத் திருத்த அளவும் கூடினால் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் பார்க்கவேண்டும்.

பி0301 முதல் சிலிண்டரின் மிஸ்ஃபயரைக் காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள என்ஜினில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றி வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு பி0302 என்று மாறினால் குறை காயிலுடன் நகர்ந்துவிட்டது. காயிலை மாற்றினால் போதும். மாறாமல் பி0301 என்றே நின்றால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று தொடர்ந்து, இறுதியில் சிலிண்டரின் கம்ப்ரெஷனை அளக்கவேண்டும்.

பி0420 வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்ததைச் சொல்லும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் கொண்ட இப்பாகத்தின் விலை மிக அதிகம். புகைக்குழாயின் கசிவும் பின் சென்சாரின் கோளாறும் இதே குறியீட்டைத் தரக்கூடும் என்பதால் அவற்றை முதலில் நீக்கிப் பார்க்கவேண்டும். மாற்றி உண்மையிலேயே கெட்டிருந்தாலும், அது எதனால் கெட்டது என்ற கேள்வி நிற்கிறது. என்ஜின் ஆயில் எரிந்தோ, நெடுநாள் மிஸ்ஃபயராலோ கெட்டிருந்தால், மூலக்குறையை விட்டுவிட்டுப் பொருத்தும் புதிய மாற்றியும் அதே வழியில் கெடும். பி0455 போன்ற ஆவிக் கசிவுக் குறியீட்டுக்கோ, சரியாக மூடாத பெட்ரோல் டேங்க் மூடியே காரணமாக இருப்பதுண்டு.

## பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998ஆம் ஆண்டின் ஆணை ஒன்றின்படி 2001 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கும், பின்னர் டீசல் கார்களுக்கும் ஓபிடி கட்டாயமானது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டு உத்தரவு தில்லிப் பகுதியில் யூரோ வரம்புகளை விரைவுபடுத்தியது. கார்புரேட்டர் விலகி, பல இன்ஜெக்டர்கள் கொண்ட எம்.பி.எஃப்.ஐ. என்ஜின்கள் பரவின. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வரம்புகள் நடைமுறைக்கு வந்தபோது முதல் நிலை ஓபிடியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் கார்களுக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறையான பாரத் ஸ்டேஜ் 6, இருசக்கர வாகனங்களையும் ஓபிடிக்குள் கொண்டுவந்தது.

## பழுதுபார்க்கும் உரிமை

1990ஆம் ஆண்டுத் திருத்தம், மாசு தொடர்பான பழுதுநீக்கத் தகவல்களை நிறுவனங்கள் தம் விற்பனையாளர்களுக்கு மட்டுமன்றித் தனியார் பணிமனைகளுக்கும் தரவேண்டும் என்றது. கெட்ட கார் சரியாக வேண்டுமானால் அருகிலுள்ள மெக்கானிக்கால் அதைச் சரிசெய்ய இயலவேண்டும் என்பது இதன் அடிப்படை. 2005இல் கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட 'எல்ம்327' என்னும் சில்லு, பல தொடர்பு முறைகளையும் படித்து எளிய எழுத்துகளாக மாற்றியது. முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் வசதி இயக்கப்படாமல் விடப்பட்டதால் அதன் போலிகள் உலகெங்கும் பெருகின. கைப்பேசியுடன் இணையும் மலிவான ஸ்கேனர்கள் பரவியதில் இப்போலிகளின் பங்கு பெரிது.

ஆனால் பொதுக் குறியீடுகளுக்கு அப்பாலுள்ள நிறுவனத் தகவல்கள் பூட்டியே இருந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதைத் தொடர்ந்து 2014இல் நாடளாவிய உடன்பாடு ஒன்றைக் கார் நிறுவனங்கள் ஏற்றன. தரவுகள் செருகியின் வழியாக அல்லாமல் கம்பியில்லாத் தொடர்பில் நேரே நிறுவனத்துக்குச் செல்லத் தொடங்கியபோது சர்ச்சை மீண்டும் எழுந்தது. 2020இல் அம்மாநில வாக்காளர்கள் அத்தரவுகளும் திறந்திருக்கவேண்டும் என்று வாக்களித்தனர். கார் நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன.

## ஏய்ப்பும் வரம்பும்

ஸ்கேனரால் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். குறை அப்படியே இருக்கும். ஆய்வுக்கு முன்னர் இவ்வாறு அழிப்பதைக் கண்டுபிடிக்கத் தயார்நிலைக் குறிகள் உள்ளன. குறியீடு அழிந்ததும் இவை 'சோதனை முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். காரைச் சிறிதுகாலம் பலவகையாக ஓட்டினால்தான் நிறைவுறும். 2010 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் படிப்படியாக வந்த நிரந்தரக் குறியீடுகளை ஸ்கேனரால் அழிக்கவே இயலாது. குறை நீங்கியதைக் கணினி தானே சோதித்து உறுதிசெய்த பிறகே அவை மறையும்.

கணினியே ஏய்க்கும்படி அமைக்கப்பட்டால் இக்காவல்கள் உதவா. 2015 செப்டம்பர் 18 அன்று, ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் மென்பொருள் ஆய்வகச் சோதனையை உணர்ந்து அப்போது மட்டும் மாசைக் குறைக்கிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. சாலையில் அக்கார்கள் வரம்பைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வாகனங்களில் அம்மென்பொருள் இருந்தது. கணினி திட்டமிட்டுச் செய்ததைக் கணினி பழுதாகக் கொள்ளாததால் மஞ்சள் விளக்கு இந்த ஏய்ப்பைக் காட்டவில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துச்செல்லத்தக்க அளவுகருவியைக் காரில் ஏற்றி, சாலையில் ஓட்டி, புகையை நேரே அளந்தபோதே ஐயம் எழுந்தது.

அதன்பின் ஐரோப்பா 2017 முதலும் இந்தியா 2023 ஏப்ரல் முதலும் உண்மைச் சாலை ஓட்டத்தில் மாசை அளக்கும் விதிகளைக் கொண்டுவந்தன. குறியீடு விசாரணையின் தொடக்கம் என்பதைப் பணிமனையில் காயிலை இடம் மாற்றிப் பார்க்கும் மெக்கானிக்கும், சாலையில் புகையை அளந்த ஆய்வாளரும் ஒரே வழியில் மெய்ப்பித்தனர்: இருவரும் கணினி சொன்னதை நேரில் சோதித்துப் பார்த்தனர்.